கடல்நீர் மீன் தொட்டி: மணிச்சத்தைத் தீனியிலேயே கட்டுப்படுத்துக

நெற்பயிருக்கு மணிச்சத்து இட்டால் வேர் நன்றாக ஓடும், தூர் கட்டும், கதிரில் மணி திரளும். ஆகவே மணிச்சத்து என்றாலே நன்மை தரும் பொருள் என்ற எண்ணம் உழவர் குடும்பங்களில் ஊறியிருக்கிறது. ஆனால் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல்நீர் நிரப்பி, கோமாளி மீனும் டாம்செல் மீனும் வளர்ப்போருக்கு இதே மணிச்சத்து பெருந்தொல்லையாக வந்து சேருகிறது. தொட்டி வைத்துச் சில மாதங்கள் ஆனதும் கண்ணாடியில் பச்சை படிகிறது. பாறையில் இழைப்பாசி முடி போல வளர்கிறது. மணலின் மேல் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம் மூடுகிறது. தேய்த்து எடுத்தால் ஒரு வாரத்தில் மீண்டும் வருகிறது. பலர் இந்த நிலையில் மனம் சலித்துத் தொட்டியையே காலி செய்துவிடுகின்றனர்.

அதற்கு முன் பெரும்பாலோர் செய்வது, கடைக்குச் சென்று பாஸ்பேட் நீக்கும் மருந்து வாங்கி ஊற்றுவது. இதற்கென உள்ள பொருள்களால் பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டுக் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால்தான் பணமும் போகிறது, மீனும் போகிறது. கடல்நீர்த் தொட்டியில் மணிச்சத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் தீனி போடும் கை. மற்றவை எல்லாம் அதற்குத் துணை மட்டுமே.

வெளியேற வழியில்லாத சத்து

மீன் தொட்டியில் சேரும் கழிவுகளில் தழைச்சத்தும் மணிச்சத்தும் முக்கியமானவை. தழைச்சத்து முதலில் அம்மோனியாவாக வெளிப்படுகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறையின் உட்பகுதியிலும் மணலின் அடியிலும் காற்று புகாத இடத்தில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. அந்த வாயு குமிழியாகக் காற்றில் கலந்துவிடும். நீர் தேங்கிய நெல் வயலில் இட்ட யூரியாவின் ஒரு பகுதி வீணாவதும் இதே வழியில்தான். வயலில் நட்டமாகக் கருதப்படும் இந்நிகழ்ச்சி தொட்டியில் லாபமாகிறது.

மணிச்சத்துக்கு இப்படி ஒரு வழி இல்லை. தொட்டியில் நடக்கும் மாற்றங்களில் அது வாயுவாகிப் பறந்து போவதில்லை. உள்ளே வந்தது உள்ளேயே இருக்கும். நீரில் கரைந்திருக்கும், அல்லது பாசியின் உடலில் இருக்கும், அல்லது பாறையில் ஒட்டியிருக்கும், அல்லது மணலில் வண்டலாகத் தங்கியிருக்கும். கையால் எடுத்து வெளியே போட்டால் ஒழிய அது தொட்டியை விட்டுப் போகாது. எனவே மணிச்சத்தைப் பொறுத்தவரை, தொட்டி வைத்திருப்பவர் வரவும் செலவும் எழுதிக் கணக்குப் பார்க்க வேண்டியவராகிறார்.

ஒரு கிராம் தீனியின் கணக்கு

வரவில் மிகப் பெரும் பங்கு தீனியின் வழியாகவே வருகிறது. மீனின் எலும்புக்கும் செதிளுக்கும் மணிச்சத்து தேவை. நீரிலிருந்து மீன் அதை மிகச் சிறிதளவே எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் தீனியில் அது இருந்தே தீர வேண்டும். மணிச்சத்தே இல்லாத மீன் தீனி என்று ஒன்று இருக்க முடியாது. பல உலர் தீனிகளில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலும், அதற்கு மேலும் பாஸ்பரஸ் உள்ளது.

200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரு கிராம் உலர் தீனி போடப்படுகிறது. அதில் 1 சதவிகிதம் பாஸ்பரஸ் என்றால் 10 மில்லிகிராம். பாஸ்பரஸ் 1 பங்கு, பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 3.07 பங்கு ஆகும். ஆகவே ஒரு கிராம் தீனியில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் பாஸ்பேட் இருக்கிறது. இது முழுவதும் நீரில் கரைந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் கூடும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதைத்தான் வளர்ப்போர் ஒரு பி.பி.எம். என்று சொல்கின்றனர். ஒரு மாதத்தில் 4.5 பி.பி.எம். சேரும். பவழப் பாறைகளை ஒட்டிய தெளிந்த கடல்நீரில் பாஸ்பேட் இதில் நூற்றில் ஒரு பங்கு கூட இருப்பதில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

தின்ற மணிச்சத்தெல்லாம் மீனின் உடலில் சேர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். வளரும் மீனில் ஒரு பகுதி சேரும். முழு வளர்ச்சி அடைந்த மீனின் எடை கூடுவதில்லை. ஆகவே உட்கொண்டதில் ஏறக்குறைய முழுவதையும் அது வெளியேற்றிவிடும். தின்னாமல் மூலையில் ஒதுங்கிய தீனியும் அழுகி அதே கணக்கில் சேருகிறது.

நீர் மாற்றினால் போதாதா?

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது நல்ல பழக்கம். ஆனால் மணிச்சத்தை அது மட்டுமே அடக்கிவிடும் என்று நம்புவது சரியன்று. மேற்சொன்ன தொட்டியில் பாஸ்பேட்டில் ஐந்தில் நான்கு பங்கு பாசியிலும் பாறையிலும் மீனிலும் போய்விடுகிறது, ஒரு பங்கு மட்டுமே நீரில் தங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாரத்துக்கு 0.21 பி.பி.எம். கூடும். வாரந்தோறும் 20 லிட்டர் மாற்றி வந்தாலும் அளவு ஏறிக்கொண்டே போய், நீர் மாற்றுவதற்கு முன் சுமார் 2.1 பி.பி.எம். என்ற இடத்தில்தான் நிற்கும். பத்து வாரத்து வரவு எப்போதும் தொட்டியில் இருப்பாக இருக்கும் என்பது இதன் பொருள்.

இந்த அளவைப் பாதியாகக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொட்டி இருக்கும் காலமெல்லாம் வாரந்தோறும் 20 லிட்டருக்குப் பதில் 40 லிட்டர் கடல்நீர் மாற்றுவது. மற்றொன்று, ஒரு கிராம் தீனியை அரை கிராம் ஆக்குவது. இரண்டுக்கும் பலன் ஒன்றே. முதல் வழிக்கு உப்பும், நல்ல நீரும், உழைப்பும் வேண்டும். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை.

பாறையில் உள்ள பழைய இருப்பு

கரிசல் நிலத்து உழவர்களுக்குத் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சூப்பர் பாஸ்பேட் இட்டால், அதில் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டியில் உள்ள பாறையும் மணலும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருள்களே. அவையும் பாஸ்பேட்டைத் தம் மேற்பரப்பில் பிடித்து வைக்கின்றன. நீரில் அளவு கூடும்போது பிடித்துக்கொள்ளும். நீரில் அளவு குறையும்போது விட்டுக்கொடுக்கும்.

மருந்து போட்டதும் அளவு இறங்கிவிட்டது, ஒரு வாரத்தில் பழையபடி ஏறிவிட்டது, மருந்து போலி என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். மருந்து நீரில் இருந்ததை எடுத்தது. பாறை தன்னிடம் இருந்த இருப்பை நீருக்குக் கொடுத்தது. ஓராண்டாகச் சேர்ந்த இருப்பு ஒரே வாரத்தில் தீராது. இதை அறிந்து பொறுமையுடன் இருப்போர், இரண்டாவது புட்டி மருந்துக்குச் செலவழிக்கத் தேவையிருக்காது.

உறிஞ்சும் பொருள்களின் இடம்

கடைகளில் கிடைக்கும் பாஸ்பேட் நீக்கிகளில் முதன்மையானது இரும்பு ஆக்சைடு குறுணை. இதுவும் உழவருக்குப் புதிய தத்துவமன்று. செம்புறை மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப்போடுவதால் பயிருக்குக் கிட்டாமல் போகிறது அல்லவா? அதே வேலையைத்தான் இந்தக் குறுணை வடிகட்டியில் செய்கிறது. அலுமினிய ஆக்சைடும் அவ்வாறே. குறுணையை நன்றாகக் கழுவித் தூள் போக்கி, சிறிதளவில் தொடங்கி, நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். லாந்தனம் குளோரைடு என்ற திரவம் பாஸ்பேட்டை நுண்ணிய வெண்துகளாக வீழ்த்திவிடும். அந்தத் துகளை நெருக்கமான வடிகட்டியில் பிடிக்காமல் நேரே தொட்டியில் ஊற்றினால் மீன்களுக்கு மூச்சுத் திணறும் அபாயம் உண்டு. பழக்கமில்லாதோர் இதைத் தவிர்ப்பதே நல்லது.

இவற்றை விடச் சிறந்த செலவு வழி, பாசியைப் பாசியாலேயே வெல்வது. தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறு அறையில் விளக்கு வைத்துக் கடற்பாசி வளர்த்தால், நீரில் உள்ள மணிச்சத்தை அது எடுத்துக்கொண்டு வளரும். வளர்ந்ததை அறுத்து எடுக்கும்போது மணிச்சத்தும் வெளியேறுகிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி 1980களில் வலைத்திரையில் பாசி வளர்த்துச் சுரண்டி எடுக்கும் முறையைப் பெரிய பவழத் தொட்டிக்கே பயன்படுத்திக் காட்டினார். அறுத்த பாசியை நல்ல நீரில் உப்புப் போகக் கழுவி எருக்குழியில் சேர்க்கலாம். அதைச் சாக்கடையிலோ கடலிலோ போடக் கூடாது. அயல் இனமாக இருந்தால் அங்கே பரவிக் கேடு செய்யும். நுரை வழியாகக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியும் உதவும். கழிவு சிதைந்து பாஸ்பேட் ஆவதற்கு முன்பே அதில் ஒரு பகுதியை அது எடுத்துவிடுகிறது.

பூஜ்யம் இலக்கு அன்று

மறுபக்கத்தில், பாஸ்பேட்டைப் பூஜ்யம் ஆக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. இதுவும் தவறே. மணிச்சத்து இல்லாமல் எந்த உயிரும் இல்லை. பவழத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கும் அது வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள், நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையானால் பவழங்கள் எளிதில் வெளுத்துவிடும் என்று காட்டின. பாஸ்பேட் மிகுந்தால் பவழத்தின் சுண்ணாம்புக் கூடு கட்டும் வேலை தடைப்படும். அடியோடு இல்லாவிட்டால் பவழமே பட்டினி கிடக்கும்.

ஆகவே பவழம் வளர்க்க அனுமதியுள்ள நாடுகளில் அனுபவமுள்ளோர் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை வைத்துக்கொள்கின்றனர். அதிகமாக உள்ளதைக் குறைக்கும்போதும் வாரக் கணக்கில் மெல்லக் குறைக்கின்றனர். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு இத்தனை கெடுபிடி தேவையில்லை. பாஸ்பேட் மீனை நேரடியாகக் கொல்வதில்லை. அதனால் பெருகும் பாசி இரவில் நீரில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்வதும், ஒரேயடியாக மடிந்து அழுகுவதும்தான் மீனுக்கு ஆபத்து. அரை பி.பி.எம்.க்குள் வைத்து, பாசியை அவ்வப்போது எடுத்து வந்தால் மீன்கள் நலமாக இருக்கும்.

பவழம் பற்றிச் சொல்லும்போது மற்றொன்றையும் வற்புறுத்த வேண்டியுள்ளது. பாறை கட்டும் பவழங்கள் நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986ஆம் ஆண்டிலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டன. ‘உயிர்ப் பாறை’ என்ற பெயரில் எவரேனும் பவழப் பாறைத் துண்டை விற்றால் வாங்கக் கூடாது. மீன்களிலும், கடலில் பிடித்ததை விடப் பொரிப்பகத்தில் பிறந்ததையே கேட்டு வாங்க வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. தொட்டியைச் சரியாகப் பராமரிக்காமல் மீனைச் சாகவிட்டு, மீண்டும் மீண்டும் புதிய மீன் வாங்கினால், அந்தச் செலவின் ஒரு பங்கைக் கடல்தான் கொடுக்கிறது.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டில் பயன்படும் பரிசோதனைப் பெட்டிகளில் நீர் நீல நிறமாக மாறும். மர்பி, ரைலி என்ற இருவர் கடல்நீர் போன்ற இயற்கை நீர்களுக்காக 1962ஆம் ஆண்டில் செம்மைப்படுத்திய மாலிப்டேட் நீல முறை இது. மண் பரிசோதனை நிலையங்களில் மணிச்சத்து பார்ப்பதும் இதே நீல நிறத்தைக் கொண்டுதான். இதில் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, சில கருவிகள் பாஸ்பேட்டைக் காட்டும். சில பாஸ்பரஸைக் காட்டும். பாஸ்பரஸ் எண்ணை 3.07ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட் கிடைக்கும். இரண்டாவது, பரிசோதனை காட்டுவது நீரில் கரைந்திருப்பதை மட்டுமே. தொட்டி நிறையப் பாசி இருக்க, பெட்டி பூஜ்யம் காட்டினால், மணிச்சத்து இல்லை என்று பொருளல்ல. பாசி முந்திக்கொண்டு தின்றுவிட்டது என்றே பொருள்.

வளர்ப்போர் செய்ய வேண்டியவை

1. தீனியை நிறுத்துப் போட வேண்டும். ஒரு சிட்டிகை என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாதத்துக்கு இவ்வளவு கிராம் என்று முடிவு செய்து, அதை மட்டும் ஒரு சிறு புட்டியில் எடுத்து வைக்க வேண்டும். மாதம் முடியும் முன் புட்டி காலியானால் தவறு எங்கே என்பது தெரிந்துவிடும்.

2. தீனி போடும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கே இருக்க வேண்டும். காலையில் பேரனும், மாலையில் தாத்தாவும், இடையில் வந்த விருந்தினரும் போட்டால் கணக்கு நிற்காது.

3. இரண்டு மூன்று நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே போதும். நன்கு வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தீனி இல்லாமலும் இருக்கலாம்.

4. உறைய வைத்த இறால் போன்ற தீனிகளை உருக்கி, வடியும் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடலாம். ஆயினும் இதனால் குறைவது சிறிதளவே. சதைக்குள் உள்ள மணிச்சத்து சதையோடுதான் போகும்.

5. ஆவியான நீரை ஈடுசெய்ய ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். கடற்கரையில் நீர் எடுப்போர் கூவம், அடையாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரங்களை விட்டு நன்கு விலகி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் நிலத்து நீர் கடலில் கலக்கும் நாட்களில் எடுக்கக் கூடாது.

6. சில வகைக் கரித்தூள்களிலிருந்து பாஸ்பேட் கசியும். வாங்கியதில் சிறிதளவை ஆர்.ஓ. நீரில் ஒரு நாள் ஊற வைத்து, அந்த நீரைப் பரிசோதித்த பின்பே தொட்டியில் போட வேண்டும்.

7. தொட்டி கொள்ளும் அளவுக்கு மேல் மீன் வாங்கக் கூடாது. மீன் கூடினால் தீனி கூடும். தீனி கூடினால் மேற்சொன்ன கணக்கு முழுவதும் கூடும்.

பொட்டலத்தில் அளவு அச்சிட வேண்டும்

உர மூட்டை வாங்கும் உழவருக்கு அதில் எத்தனை சதவிகிதம் மணிச்சத்து உள்ளது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதை மூட்டையில் அச்சிட்டே ஆக வேண்டும். சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் 16 சதவிகிதம் என்று பார்த்துத்தான் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அவர் முடிவு செய்கிறார். ஆனால் அலங்கார மீன் தீனிப் பொட்டலங்கள் பலவற்றில் புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் ஆகியவை இருக்கின்றனவே தவிர, மணிச்சத்தின் அளவு எல்லாவற்றிலும் இருப்பதில்லை. தொட்டியைக் கெடுக்கும் பொருளின் அளவைச் சொல்லாமல் தீனியை விற்று, அதே கடையில் அந்தப் பொருளை நீக்கும் மருந்தையும் விற்பது முறையான வாணிபம் ஆகாது.

தீனி தயாரிப்போர் இதைத் தாமாகவே அச்சிட முன்வர வேண்டும். அவர்கள் முன்வராவிட்டால் அரசு விதி வகுக்க வேண்டும். கடைக்காரர்களும் தொட்டி விற்கும்போதே இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன், இத்தனை கிராம் தீனி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஆறாம் மாதத்தில் தொட்டியைக் காலி செய்வோர் குறைவர். அதுவரை வாங்குவோரே ஒவ்வொரு முறையும் கடையில் கேட்க வேண்டும்: இந்தத் தீனியில் மணிச்சத்து எத்தனை சதவிகிதம்? கேட்போர் பெருகினால் பொட்டலத்தில் எண் தானாகவே வந்துவிடும்.